வெள்ளிக்கிழமைக் குளிர்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சமையலறை யன்னலூடாகத் தெரிந்த வீதியில் நான் எவ்வளவு முயன்றும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

தார் காய்ந்து கறுப்பாகக் கிடந்தது. ஓரங்களில் மட்டும் உப்புத் தூவிய வெளிறல். தை மாதத்து ஒஸ்லோ வெயில் சூட்டை எங்கோ மறந்து வைத்துவிட்டு வெளிச்சத்தோடு மட்டும் வந்திருந்தது. கீழே ஒரு பெண் ஒரு கையால் பிள்ளைவண்டியைத் தள்ளியபடி, மற்றக் கையில் தொலைபேசியை வைத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனாள். வழுக்குகிற வீதியில் ஒருவரும் அப்படி நடப்பதில்லை.

என் மனைவி சாந்தினி தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றாள். நெடுநேரம் கீழே பார்த்தாள்.

“வடிவான றோட்டு,” என்றாள்.

அவ்வளவுதான். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னைத் திட்டியதெல்லாம் சேர்த்தாலும் அந்த இரண்டு சொல்லுக்கு ஈடாகாது.

அன்று காலை அந்த வீதியில்தான் அவளுக்குச் சாரதிப் பரீட்சை நடந்திருக்க வேண்டும். ஆபத்தான குளிர் வருகிறது, வீதி கண்ணாடியாக உறையப்போகிறது என்று கணித்து, அதை அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற வைத்தவன் நான்.

எந்த வருடம், எத்தனையாம் திகதி என்று எழுதக் கை துடிக்கிறது. சென்ற வாரக் கட்டுரையில் பதினேழு திகதிகள் இருந்ததாகப் பத்திரிகை ஆசிரியர் எண்ணிச் சொன்னார். “இது நினைவுக் குறிப்பா, ரயில் நேர அட்டவணையா?” என்று கேட்டார். ஆகவே சில வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஒரே நகரம், இரண்டு குளிர்காலம்

நான் எப்படி வானிலைக்காரன் ஆனேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் இருப்பது அம்மருட்டில், குரோருட் பள்ளத்தாக்கின் சரிவில் நிற்கும் உயர்ந்த அடுக்குமாடி ஒன்றில். சாந்தினியின் தம்பி குகன் இருப்பது நகரத்தின் தெற்கே, கடற்கரைப் பக்கம், ஹவுகெட்டோவில். இரண்டுமே ஒஸ்லோதான். ஆனால் இங்கே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது அங்கே குகன் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். கடல் அவனைச் சூடாக வைத்திருக்கும். மலை எங்களுக்குப் பனியைப் பிடித்துக் கொட்டும்.

தொலைபேசியில் வரும் வானிலை அறிவிப்பு ‘ஒஸ்லோ’ என்று ஒரே எண்ணைச் சொல்லும். எங்கள் இடத்தின் பெயரைத் தட்டினால் அதற்கும் தனியாகச் சொல்லும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எனக்குப் புத்தகக் கிடங்கில் வேலை. அச்சில் பிழையாகிப்போன புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகலாம். அப்படி ஒரு நாள் கிடைத்ததுதான் வீட்டில் வானிலை அவதானிப்பது பற்றிய ஒரு நோர்வேஜியப் புத்தகம். கடைசிப் பக்கங்கள் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தன. நான் அதை முழுவதுமாக, தேவையான இடத்தில் தலைகீழாகவும், வாசித்து முடித்தேன்.

வாசித்தவன் சும்மா இருப்பானா? ஒரு வெப்பமானி வாங்கினேன். அடுத்த குளிர்காலமே புகழ் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு “ஒஸ்லோவில் இரவு மழை” என்றது. என் வெப்பமானியோ பூச்சியத்துக்கு நன்றாகக் கீழே நின்றது. எங்கள் கட்டடத் தமிழர்களின் தொலைபேசிக் குழுவில் எழுதினேன்: ‘மழை அல்ல. பனி. காரை மூடி வையுங்கள்.’ விடியும்போது கார்கள் எவை, குப்பைத் தொட்டிகள் எவை என்று பிரித்தறிய முடியவில்லை. பேருந்துகள் மேட்டில் குறுக்கே நின்றன.

அன்றிலிருந்து நான் ‘வெதர் அண்ணை’. கடையில் கருவாடு எடுக்கும்போதும் கேட்பார்கள்: “அண்ணை, வாற கிழமை என்ன மாதிரி?” நான் உடனே பதில் சொல்வதில்லை. வானத்தை ஒரு தடவை பார்ப்பேன். கடைக்குள் நின்றால் கூரையைப் பார்ப்பேன்.

புத்தகம் சொல்லாத ஒன்று

வெப்பமானியைப் பூட்ட எனக்கு இரண்டு வார இறுதிகள் எடுத்தன. வெயில் படக்கூடாது, சுவரின் சூடு சேரக்கூடாது, காற்று நேராக அடிக்கக்கூடாது என்று புத்தகம் சொன்னது. எல்லாவற்றையும் அளந்து, கண்ணாடி அடைத்த எங்கள் பால்கனியின் வெளிப்புறத்தில், வடக்குப் பக்கம் பூட்டினேன். வரவேற்பறை யன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

தெரியும் என்றால், தொலைநோக்கியால் பார்த்தால். பால்கனிக்குப் போனால் குளிரும். வேலையால் வந்து காலுறையைக் கழற்றி, சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, பறவைகள் பார்க்கிற தொலைநோக்கியால் குளிரைப் பார்ப்பேன். ஒவ்வொரு மாலையும் ஒரே நேரம். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இனி, இங்கே வாழும் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளிர்காலத்தில் நாங்கள் வீட்டுக்குள் மீன் பொரிப்பதில்லை. குளிர்காலச் சட்டைகள் வாசலில் தொங்கும். அவை ஒரு தடவை பொரியல் மணத்தைக் குடித்துவிட்டால் சித்திரை வரைக்கும் விடாது. ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஆகவே ஒரு மின்சார அடுப்பைப் பால்கனியில் வைத்து, கண்ணாடி ஒன்றை மேலே திறந்துவிட்டு, அங்கே பொரிப்போம்.

சாந்தினியும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறி. மற்ற நாட்களில் வேலையால் வந்தவுடன் பால்கனிக்குப் போய்விடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் அவளை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்பதால் அன்றைக்கு ஆற அமர, சட்டி சட்டியாகப் பொரிப்பாள்.

அவள் திறந்துவிடும் கண்ணாடி எது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. புத்தகத்தை எழுதிய நோர்வேக்காரரும் யோசித்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விதி

இரண்டு குளிர்காலம் பதிந்தபின் எனக்கு ஓர் அதிசயம் புலப்பட்டது. எங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமைகள் மற்ற நாட்களைவிடக் கடும் குளிராக இருந்தன. செவ்வாய்க்கிழமைகள் மிக இதமாக இருந்தன. விலக்கு ஒன்றே ஒன்றுதான்.

கந்தசஷ்டி விரத காலத்தில் ஆறு நாட்கள் தொடர்ந்து குளிர் இறங்கியது. ‘குளிர்காலத்தின் முதல் தாக்குதல்’ என்று குழுவுக்கு அறிவித்தேன். விரதம் முடிந்த மறுநாள் குளிரும் முடிந்தது. அப்போதுகூட என் மூளையில் ஒன்றும் தட்டவில்லை.

என்னை மட்டும் முட்டாள் என்று எண்ண வேண்டாம். துணைக்கு ஒரு பட்டதாரியும் இருந்தார். கீழ்த் தளத்தில் இருந்த கார்த்திக், கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்த இளைஞர். மனைவி ஊரில் இருந்ததால், எங்கள் வீட்டு மீன் பொரியலுக்காக வாரத்தில் சில தடவை ஏதாவது காரணம் சொல்லி மேலே வருவார். என் எண்களை மடிக்கணினியில் போட்டு வரைபடம் கீறினார்.

“அங்கிள், செம டேட்டா! பாருங்க, ஒவ்வொரு ஃப்ரைடேயும் டமால்னு விழுது. டியூஸ்டே அப்படியே ஏறுது. இது சும்மா வரலை, கண்டிப்பா ஏதோ ரீசன் இருக்கு.”

“என்ன காரணமா இருக்கும், தம்பி?”

அவர் பொரியல் துண்டு ஒன்றை வாயில் போட்டு யோசித்தார். “ஃப்ரைடே ஈவினிங் என்ன ஆகும்? எல்லா நார்வேஜியனும் ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு மலை வீட்டுக்குக் கிளம்பிடுவான். மொத்தப் பள்ளத்தாக்கும் ஆறிடும். சிம்பிள், அங்கிள்.”

எனக்குப் புல்லரித்தது. அந்தக் கணத்தில், அந்த மேசையில், விடை ஒரு தட்டு நிறைய எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. இருவருமாகச் சேர்ந்து அதைச் சாப்பிட்டு முடித்தோம்.

“ஆரும் செவ்வாய்க்கிழமை பாப்பினமே?”

இப்போது சாந்தினியின் பரீட்சைக்கு வருகிறேன்.

அவள் முதியோர் இல்லத்தில் பல வருடங்களாக நிரந்தரமில்லாத வேலை பார்த்தாள். வேலையாட்களில் யாராவது உடம்பு வருத்தம் என்று வராவிட்டால் காலையில் தொலைபேசி வரும், ஓடுவாள். ஒருவரும் வருத்தம் இல்லையென்றால் வேலையும் இல்லை. அப்போதுதான் ஹவுகெட்டோப் பக்கம், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் பிரிவில் நிரந்தர இடம் ஒன்று வந்தது. அவளுக்கே தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: மாதம் முடிவதற்குள் சாரதி அனுமதிப்பத்திரம். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

அவள் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். இரண்டு தடவையும் குற்றம் ஒன்றுதான்: வேகம் போதாது. பெருவீதியில் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலமே சேரும்படி ஓட்டுவாள்.

மூன்றாவது பரீட்சை அந்த வெள்ளிக்கிழமைக்குக் கிடைத்தது. நான் என் எண்களைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

“வெள்ளிக்கிழமை வேண்டாம், சாந்தினி. வியாழன் வரைக்கும் ஈரமா இருக்கும். வெள்ளி இறங்கிச்சுதெண்டால் றோட்டெல்லாம் கண்ணாடி. நீர் மாத்தும்.”

“எந்த நாளுக்கு?”

“செவ்வாய். என்ரை கணக்கிலை செவ்வாய்தான் நல்ல இதமான நாள்.”

“செவ்வாய்க்கிழமையோ? நல்ல காரியத்துக்கு ஆரும் செவ்வாய்க்கிழமை பாப்பினமே?”

“இது சாத்திரம் இல்லை. விஞ்ஞானம்.”

அவள் பயிற்சியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பிறகு மாற்றினாள். மாதம் முடிவதற்குள் அதன்பிறகு வேறு நாள் கிடையாது என்று அவளுடைய பயிற்சியாளர் எச்சரித்தாராம். அவள் என்னை நம்பினாள். இந்தக் கட்டுரையில் எனக்குச் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான்.

பொங்கல் மிஞ்சியது

அந்த வெள்ளிக்கிழமை எப்படி விடிந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். மாலையில் நான் விடாமல் தொலைநோக்கியை எடுத்தேன்.

“பாரும், மைனஸ் ஆறு! நேற்றுப் பின்னேரம் பிளஸ் ஒண்டு. நான் சொன்னனானெல்லே?”

“அப்ப ஏன் றோட்டு காஞ்சு கிடந்தது?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், பரீட்சை முடியும்வரை வீட்டில் மீன் இல்லை என்று முருகனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள்.

சனிக்கிழமை மாலையும் மைனஸ் ஆறு. கந்தசஷ்டிக் காலத்து அந்த ‘முதல் தாக்குதலுக்கு’ப் பிறகு நான் காணாதது. வெள்ளியின் குளிர் சனிக்கும் தொடர்கிறதே! எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் வடதுருவத்திலிருந்து ஏதோ இறங்கிவிட்டது என்பதுதான். குழுவில் எழுதினேன்: ‘அபாயகரமான குளிர் அலை. முதியோரும் குழந்தைகளும் நாளை வெளியே வருவதைத் தவிர்க்கவும்.’

நாளை என்பது எங்கள் பகுதித் தமிழர்களின் பொங்கல் விழா.

ஞாயிறு மதியம் மண்டபத்திலிருந்து குகன் தொலைபேசி எடுத்தான்.

“அத்தான், நீங்கள் வரேல்லையோ?”

“இந்தக் குளிருக்கையோ?”

“எந்தக் குளிர்? நான் வெளியிலை யக்கெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நிக்கிறன். உங்கடை மெசேச்சைப் பாத்திட்டு அரைவாசிச் சனம் வரேல்லை. இஞ்சை அண்டா அண்டாவாப் பொங்கல் கிடக்குது. ஆர் தின்னுறது? குளிர் அலையோ?”

“கடல் பக்கத்திலை இருக்கிற உனக்கு மேட்டுக் குளிர் விளங்காது.”

“மண்டபம் உங்கடை வீட்டிலை இருந்து நடக்கிற தூரம், அத்தான்.”

நான் தொடர்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

“ஆன்ட்டி, ஃபிஷ் இல்லையா?”

திங்கள் மாலை. அறிவிப்பு செவ்வாய்க்கிழமைக்குப் பெரும் பனிப்பொழிவு என்று இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. செவ்வாய் எங்கள் இடத்தில் பூச்சியத்துக்கு மேலே நிற்கும். ஆகவே விழப்போவது மழை. வீதியைக் கழுவித் துடைத்துவிடும் என்று சாந்தினிக்கு உறுதி சொல்லியிருந்தேன்.

கார்த்திக் வந்தார். கதிரையில் இருந்தார். மடிக்கணினியைத் திறந்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். பிறகு முகம் வாடியது.

“ஆன்ட்டி, ஃபிஷ் இல்லையா?”

“இல்லைத் தம்பி. நாளைக்குச் சோதினை முடியுமட்டும் மீன் இல்லையெண்டு நேந்துபோட்டன். வெள்ளிக்கிழமையிலை இருந்து இந்த வீட்டிலை மரக்கறிதான்.”

“ஃப்ரைடேல இருந்தா?” என்றார். திரையைப் பார்த்தார். “அங்கிள், ஃப்ரைடேல இருந்துதானே குளிரு?”

சாந்தினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டியில் எண்ணெய் ஊற்றாமலே பால்கனி அடுப்பைப் போட்டாள். ஒரு பானைத் தண்ணீரை வைத்தாள். வழமையாகத் திறக்கும் கண்ணாடியைத் திறந்தாள்.

நான் தொலைநோக்கியை எடுத்தேன். தண்ணீர் கொதித்து ஆவி வெளியே போகப் போக, கண்ணாடிக்கு மேலே, நான் இரண்டு வார இறுதிகள் செலவழித்து அளந்து பூட்டிய இடத்தில், மைனஸ் ஆறு மைனஸ் மூன்றாகி, பூச்சியமாகி, அதையும் தாண்டியது.

“அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் ஊருக்குச் சொன்னது என்ரை மீனையோ?” என்றாள் சாந்தினி.

கார்த்திக் மடிக்கணினியை மெதுவாக மூடினார். “ஃபிஷ் ஃப்ரை எஃபெக்ட்,” என்றார் துக்கத்தோடு. மலை வீட்டுக் கோட்பாட்டை அவர் அலுவலகத்தில் நாலு பேருக்குச் சொல்லியிருந்தாராம்.

எனக்கு அப்போதுதான் அடுத்தது உறைத்தது. வெள்ளிக்கிழமைகளில் அதிகக் குளிர் இருந்ததேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் என் வெப்பமானி சரியாகக் காட்டியது. மற்ற நாளெல்லாம் பாரையும் விளைமீனும். வியாழக்கிழமை ஈரமும் அதேதான்; நனையாத வீதி எப்படி உறையும்? அப்படியானால் நாளைக்கும் மைனஸ்தான். மைனஸ் என்றால்—

“சாந்தினி, நாளைக்கு மழை இல்லை.”

“தெரியும்,” என்றாள். “ஸ்னோ. ரெண்டு நாளாச் சொல்லுறாங்கள்.”

பனிக்குள்

செவ்வாய் விடியவே இல்லை என்று சொல்லலாம். யன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி உதறுவதுபோல் இருந்தது. எதிர்க் கட்டடம் காணாமல் போயிருந்தது. பனி அள்ளும் வண்டிகள் மஞ்சள் விளக்கோடு உறுமிக்கொண்டு ஏறின. அவை அள்ளிய இடத்தை வானம் உடனே நிரப்பியது.

சாந்தினி திருநீறு பூசி, சப்பாத்துக்கு மேல், பனியில் வழுக்காமலிருக்க ஆணிப்பட்டியை மாட்டினாள்.

“பரீட்சையை நிப்பாட்டிப்போடுவினமோ தெரியாது,” என்றேன்.

“இஞ்சேருங்கோ, இனி நீங்கள் ஒண்டும் கணிக்க வேண்டாம்,” என்றுவிட்டுப் போனாள்.

வேலைக்கு விடுப்பு எடுத்துவிட்டு யன்னலடியில் நின்றேன். எத்தனை வருடப் பதிவு, எத்தனை புத்தகம். எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணைக் காய்ந்த வீதியிலிருந்து எடுத்து, குளிர்காலத்தின் மிக மோசமான பனிக்குள் இறக்கிவிட்டிருந்தன. முதியோர் இல்லத்திலிருந்து வரும் காலைத் தொலைபேசிக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு படுக்கிற படுக்கை நினைவுக்கு வந்தது. நான் தொலைநோக்கியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மதியத்துக்கு முன் தொலைபேசி அடித்தது.

“என்ன மாதிரி?” என்றேன்.

“பாஸ்.”

“என்ன?”

“பாஸ் எண்டுறன்! பெருவீதியிலை ஒருத்தரும் முப்பதுக்கு மேலை ஓடேல்லை. நான் எப்பவும் ஓடுற மாதிரித்தான் ஓடினனான். இண்டைக்கு முழு ஒஸ்லோவும் என்னை மாதிரி ஓடினது.” மூச்சு வாங்கிச் சிரித்தாள். “சோதினைக்காரன் சொல்லுறான், நிலைமைக்கு ஏத்த வேகமாம், வலு திறமாம்.”

எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் மனித சுபாவம் பாருங்கள், வாய் தானாகத் திறந்தது. “நான் செவ்வாய்க்கிழமை நல்ல நாள் எண்டு சொன்னன்தானே—”

“வைக்கிறன்,” என்றாள்.

பிறகு

அன்று மாலை பால்கனியில் மீன் பொரிந்தது. கார்த்திக் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, என் வெப்பமானி சித்திரை மாதத்துக்கு ஏறியது.

செய்தி குழுவில் பரவியது, ஆனால் வேறு விதமாக. வேகம் குறைந்தவளுக்குப் பனி நாளாகப் பார்த்து வெதர் அண்ணை பரீட்சையை மாற்றினாராம். என்ன மூளை! கடையில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்: “அண்ணை, என்ரை மனிசியும் சரியான மெதுவா ஓடுவா. ஒரு நாள் பாத்துத் தாங்கோ.” நான் கடையின் கூரையைப் பார்த்தேன்.

சாந்தினி இப்போது ஹவுகெட்டோவில் வீடு வீடாகக் கார் ஓட்டுகிறாள். காரின் முன்பலகை வெளிக் குளிரைச் சரியாகக் காட்டுகிறது. சில மாலைகளில் தொலைபேசி எடுத்து, “இஞ்சை மைனஸ் ரெண்டு. உங்களுக்கு என்ன கறி?” என்று கேட்பாள்.

வெப்பமானியை நான் இடம் மாற்றவில்லை. குழுவில் இப்போதும் எழுதுகிறேன். மற்ற நாட்களில் வானிலை அலுவலகம் அம்மருட்டுக்குச் சொல்வதையே என் சொந்த நடையில் மாற்றி எழுதிவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என் சொந்தக் கணிப்பு.

அது இதுவரை ஒரு தடவையும் பிழையானதில்லை.